ரிஜெக்ட் அக்காவின் பட்டினி

வருஷத்துக்கு ஒரு முறை மீட்டர்காரருக்கு ரத்தம் எடுக்கும் நாள் நெருங்கிவிட்டால், அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் வாய் என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோகும். சில வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். எண்ணெய் கூடாது. வெண்ணெய் கூடாது. கோழி என்றால் தோல் உரித்தது, பால் என்றால் ஆடை எடுத்தது, முட்டை என்றால் வெள்ளை மட்டும். சமையலறையில் யாராவது எதையாவது பொரித்தால், அந்த வாசனை மூக்கில் ஏறினாலே கொலஸ்ட்ரால் கூடிவிடும் என்பதுபோல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருமுவார்.

சரி, அவர் உடம்பு, அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் முட்டையில் வெள்ளை மட்டும் வேண்டும் என்றால் மஞ்சள் எங்கே போகும்? கோழித் தோல் எங்கே போகும்? பாலாடை எங்கே போகும்? இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கும் அவசியமே வரவில்லை, ஏனென்றால் எல்லாம் அவர் மனைவியிடம் போய்ச் சேர்ந்தன. "வீணாப் போகக் கூடாது பாரு" என்று சொல்லி மீட்டர்காரரே தன் கையால் எடுத்து அவள் பக்கம் தள்ளுவார். அதில் பெரிய அன்பைக் காட்டிவிட்டதாக அவருக்கு நினைப்பு வேறு. அவளும் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அவருக்கு முதன்முதலில் கொலஸ்ட்ரால் என்று சொன்ன வருஷத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, ஆடைத் தொழிற்சாலையில் வைத்தது. பிசிறு நூல் வெட்டும் பெண்ணாக உள்ளே போனவள், தலை நரைக்கும்போது செக்கிங் மேஜைக்கே ராணியாக இருந்தாள். தைத்து வரும் சட்டையைக் கையில் வாங்கி, காலரைத் திருப்பி, கையை உள்ளே விட்டு அக்குளை இழுத்துப் பார்த்து, ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்" என்று வீசுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை வாழ்நாள் முழுவதும் செய்தவள். லைன் சூப்பர்வைசர்கள் அவள் மேஜையைக் கடக்கும்போது கப்சிப் என்று போவார்கள். ஒரு மேனேஜர் அவசரம் என்று கெஞ்சியபோது, "அவசரம்னா நீங்க போட்டுக்கிட்டுப் போங்க" என்று அந்தச் சட்டையை அவர் தோளிலேயே போட்டு அனுப்பியிருக்கிறாள். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேலே. தொழிற்சாலையில் அந்தக் கோபத்துக்கு மரியாதை இருந்தது, சம்பளமும் இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் "அம்மாவோட குணம்". அவ்வளவுதான்.

மீட்டர்காரர் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ரீடிங் எடுத்தவர். எண் என்றால் அவருக்கு உயிர். ஓய்வு பெற்ற பிறகு பார்க்க மீட்டர் எதுவும் இல்லாமல் கொஞ்ச காலம் தவித்தார். அந்த நேரத்தில்தான் கொலஸ்ட்ரால் வந்து சேர்ந்தது. பிடித்துக்கொண்டார். காலையில் நடக்கப் போகும் இடத்தில் அவரைப்போலவே ஒரு கும்பல் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மார்க் கேட்பதுபோல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நல்ல கொலஸ்ட்ரால் எவ்வளவு, கெட்டது எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு குறைந்தது. நல்ல எண் எடுத்தவருக்கு அன்று டீ இலவசம். பரிசோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று அங்கேயே பாடம் நடக்கும். ரத்தம் கொடுத்த மறு நிமிஷமே எல்லோரும் சேர்ந்து ஓட்டலுக்குப் போய், விட்டதையெல்லாம் பிடிப்பார்கள்.

இதெல்லாம் ரிஜெக்ட் அக்காவுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு விட்டும் வைத்திருந்தாள். இந்த வருஷம் அவளால் சிரிக்க முடியவில்லை. படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுகிறவள், சில மாதங்களாக இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடுகிறாள். அங்கே குடியிருப்பவர்கள் செருப்பு வைக்கும் அலமாரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்தால் செருப்பைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, நெஞ்சு அடங்கும்வரை நிற்பாள். நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். பிறகு அது தானாக விடும்.

முதல் முறை மீட்டர்காரரிடம்தான் சொன்னாள். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயசாகுதுல்ல" என்றார். இரண்டாவது முறை சொன்னபோது, "என்கூட வாக்கிங் வான்னா வர மாட்டேங்கிற" என்று அவள்மேலேயே பழியைத் திருப்பினார். மகனிடம் சொன்னாள். அவன் கூரியர் கம்பெனியில் மாடு மாதிரி உழைக்கிறவன், செருப்பைக் கழற்றும்போதே தூங்குகிறவன். "லிஃப்ட் இருக்கிற வீடா பாக்கலாம்மா" என்றான். மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "கேஸா இருக்கும் அத்தை, சுடுதண்ணி குடிங்க" என்றாள்.

கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய தங்கை செத்தது அந்த வார்த்தையில்தான். நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னவளுக்கு, கேஸ்தான் என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அவள் எழுந்திருக்கவே இல்லை. அறுபதைக்கூடத் தொடாதவள். துக்கத்துக்கு வந்த டாக்டர் ஒருவர், "ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று போகிற போக்கில் சொன்னார். அக்காவின் காதில் அது ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. தன் உடம்பிலும் அதுவே ஓடுகிறதோ என்று அவளுக்குப் பயம். தங்கையைப்போலத் தானும் ஒரு நாள் கேஸ் என்ற பெயரில் போய்விடப் போகிறோம் என்ற பயம். ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதுதான் அவளுடைய கஷ்டமே.

பரிசோதனைக்கு முந்தின சாயங்காலம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இனி காலை வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் மீட்டர்காரருக்குச் சீக்கிரமே சாப்பாடு. மருமகள் போனில் அலாரம் வைத்தாள். மகன் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று தேடினான். மீட்டர்காரர் மேஜைக்கு நடுவில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவித்த காயைத் தின்றார். கூடவே முட்டை வெள்ளை. மஞ்சள்கள் ஒரு கிண்ணத்தில் ஒதுங்கியிருந்தன.

"இந்தா, இத எடுத்துக்கோ" என்று கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

ரிஜெக்ட் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாளைக்கு எனக்கும் ரத்தம் பாக்கணும்" என்றாள்.

"உனக்கா? உனக்கு எதுக்கு?"

"மூச்சு வாங்குதுன்னு சொன்னேன்ல."

"அட, உனக்கு என்ன கேடு? நீதான் எதுவுமே சாப்பிட மாட்டியே. குருவி மாதிரி கொறிக்கிறவ. உனக்குப் போய் கொலஸ்ட்ராலா!" என்று சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்து மகனையும் பார்த்தார்.

"குருவியா? அப்ப வருஷக்கணக்கா இந்த மஞ்சளெல்லாம் யார் வயித்துக்குப் போச்சு? கோழித் தோலெல்லாம் யார் தின்னா? காக்காவா?"

"அது என்ன பெரிய விஷயம்? வீணாப் போகக் கூடாதுன்னு..."

"அப்ப நான் குப்பைத் தொட்டியா?"

மருமகள் போனைப் பார்த்தாள். மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, அடுத்த தடவை உங்களுக்கும் பாத்துடலாம். முதல்ல அப்பாவுது முடியட்டும்" என்றான்.

"அடுத்த தடவைன்னா எப்ப? உங்கப்பாவுக்கு அடுத்த வருஷம் டெஸ்ட் வரும்போதா? அதுவரைக்கும் நான் இருக்கணும்ல?"

"ஏம்மா இப்படிப் பேசுறீங்க?"

"பின்ன எப்படிப் பேசுறது? வாயைத் திறந்தா வயசாகுதுன்னு சொல்றீங்க. நெஞ்ச அழுத்துதுன்னா லிஃப்ட் வீடு பாக்கலாம்னு சொல்றீங்க. இவர் தும்முனா மூணு பேர் துண்டோட ஓடுறீங்க!" அவள் மீட்டர்காரர் பக்கம் திரும்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. "நீங்க வேலை பாத்தப்ப வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவீங்க? உங்க தலை தெருவுல தெரிஞ்சதும் ஓடிப் போய் எல்லாத்தையும் அணைக்கிறானுங்க, மீட்டர்ல கைய வைக்கிறானுங்க, திருட்டுப் பசங்கன்னு சொல்லுவீங்கல்ல? நீங்க என்ன பண்றீங்க இப்ப? வருஷம் பூரா தின்னுட்டு, ரீடிங் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடுறீங்க. டாக்டர ஏமாத்துறீங்க. அதுவும் யார் வயித்துல கொட்டி ஏமாத்துறீங்க? என் வயித்துல!"

மீட்டர்காரர் வாயில் இருந்த காயை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார். உடனே மகன் எழுந்து வந்து, அம்மாவின் தோளைத் தொட்டு, மிகவும் மென்மையாகச் சொன்னான்: "அம்மா, சத்தம் போடாதீங்க. டெஸ்ட் சமயத்துல அப்பாவுக்கு டென்ஷன் ஆகக் கூடாது."

அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? பேசாமல் இருந்ததால் கோபம் தணிந்துவிட்டது என்று மூன்று பேரும் நிம்மதி அடைந்தார்கள். தொழிற்சாலையில் யாராக இருந்தாலும் அவள் பேச்சை நிறுத்தினால் ஓடி ஒளிந்திருப்பார்கள்.

அவள் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கவிழ்த்தாள்.

"அடடா, எதுக்குக் கொட்டுற? நல்ல முட்டை!" என்று முன்னறையிலிருந்து மீட்டர்காரர் பதறினார். முட்டை குப்பைக்குப் போனது அவ்வளவு தூரத்திலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ரிஜெக்ட் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. தானும் பட்டினி கிடக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. பார்க்கலாம், இந்த வீட்டில் ஒருத்தராவது "நீ சாப்பிட்டியா" என்று கேட்கிறார்களா என்று. ஒருத்தர் கேட்டால்கூடப் போதும், கோபத்தை விட்டுவிடுவோம் என்று தனக்குள் பேரம் பேசிக்கொண்டாள்.

மகனுக்கும் மருமகளுக்கும் பரிமாறினாள். சாப்பிட்டார்கள். அவள் அடுப்பைத் துடைத்தாள், பாத்திரம் கழுவினாள், மிச்சத்தை மூடிவைத்தாள். மகன் நன்றாக இருந்தது என்று பாராட்டினான். மருமகள் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தாள், கெட்ட பெண் இல்லை அவள். தட்டுகளை எண்ணிப் பார்த்திருந்தால் ஒன்று குறைவது தெரிந்திருக்கும். யார் எண்ணினார்கள்? மாமியார் எப்போது சாப்பிடுவார், எங்கே சாப்பிடுவார், எதைச் சாப்பிடுவார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இது அக்காவுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் ஒருநாளும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாயில் போட்டுக்கொள்வாள். அதனால் அவள் தின்றாலும் தெரியாது, தின்னாவிட்டாலும் தெரியாது. ஆயிரக்கணக்கான சட்டைகளில் ஒரு தையல் விட்டதைக் கண்டுபிடித்தவளுக்கு, தன் வீட்டில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது இத்தனை வருஷம் கண்ணில் படவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் அவள்மேலேயும்தான்.

காலையில் எழுந்து எல்லோருக்கும் டீ போட்டாள். தான் குடிக்கவில்லை. டீ இல்லாவிட்டால் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும், பொறுத்துக்கொண்டாள். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தாள், தண்ணீர் குடிக்கலாம் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. மீட்டர்காரர் அதையும் தொடவில்லை. வாக்கிங் கும்பலில் யாரோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனால் எண் இன்னும் நன்றாக வரும் என்று சொல்லியிருந்தார்கள். உதடு காய்ந்து, ஏதோ தவம் செய்கிறவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பினார். ரொட்டியும் வெண்ணெயும் வைத்த பை வழக்கம்போல அவள் கையில். ரத்தம் கொடுத்ததும் அவருக்குத் தலை சுற்றும், உடனே ஏதாவது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவள் கூடப் போவது இந்தப் பையைத் தூக்கத்தான்.

பரிசோதனைக்கூடம் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்தது. குறுகலான அறை, ஒன்றோடொன்று ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் ஒரு மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோருமே வெறும் வயிற்றுக்காரர்கள், அதனால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நடுவில் திரை போட்ட இடத்தில் ரத்தம் எடுக்கும் பெண் கையுறையோடு நின்றாள்.

மீட்டர்காரரின் கையில் நரம்பு அகப்படவில்லை. அந்தப் பெண் தட்டினாள், தேய்த்தாள், அடுத்த கையைக் கேட்டாள். "தண்ணி குடிக்கலையா ஐயா? தண்ணி குடிக்கலாமே. குடிச்சாதான் நரம்பு நல்லாத் தெரியும்."

"அப்படியா?" என்றார் மீட்டர்காரர் பரிதாபமாக. இரண்டு இடத்தில் குத்துப்பட்ட பிறகு ஒருவழியாக ரத்தம் வந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து, "பையைக் கொடு" என்று கையை நீட்டினார்.

ரிஜெக்ட் அக்கா பையை அவர் கையில் திணித்துவிட்டு, அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள்.

"அடுத்து எனக்கு எடும்மா. கொலஸ்ட்ரால்."

"என்ன பண்ற நீ?" என்றார் மீட்டர்காரர்.

ரத்தம் எடுக்கும் பெண் இருவரையும் பார்த்தாள். பிறகு, எல்லோரும் செய்வதுபோல, மீட்டர்காரரைப் பார்த்துக் கேட்டாள். "அவங்க வெறும் வயித்துல இருக்காங்களா ஐயா?"

"அதெல்லாம் இல்லம்மா. காலைல டீ குடிச்சிருப்பா. டீ இல்லாம இவளால இருக்க முடியாது. ராத்திரியும் நல்லாச் சாப்பிட்டா."

"ராத்திரி நான் சாப்பிட்டத நீங்க பாத்தீங்களா?" என்றாள் ரிஜெக்ட் அக்கா. குரல் ரொம்பத் தணிந்து இருந்தது.

"பாத்தேனே."

"என்ன சாப்பிட்டேன்?"

மீட்டர்காரர் பஞ்சை இன்னும் அழுத்தினார். "என்ன... எப்பவும் சாப்பிடுறதுதான்."

"எப்பவும் என்ன சாப்பிடுவேன்? சொல்லுங்க. இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க, ஊரார் வீட்டு மீட்டர் நம்பரெல்லாம் இன்னிக்கும் தலைகீழா ஒப்பிக்கிறீங்க. என் தட்டுல என்ன இருந்துச்சு? எங்க உக்காந்து சாப்பிட்டேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துடுறேன்!"

இப்போது குரல் தணிந்து இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் என் வாயில தண்ணிய தவிர ஒண்ணும் படலம்மா" என்று அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "வீட்டுல மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாது. முட்டையக் கொட்டினது தெரிஞ்சுது இவருக்கு. நான் பட்டினி கிடந்தது தெரியல. நீ எடு. இனிமே கேக்கிறதா இருந்தா என்னைக் கேளு, எனக்கு வாய் இருக்கு."

அந்தப் பெண் பட்டையைக் கட்டினாள். நரம்பு உடனே அகப்பட்டது. திரைக்கு அப்பால் வயதான அம்மாள் ஒருத்தி, தன் கணவரிடம் எதையோ கிசுகிசுத்தாள், அந்தக் கணவர் அவசரமாகத் தரையைப் பார்த்தார். மீட்டர்காரர் ரொட்டிப் பையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தலை சுற்றவில்லை, சுற்ற வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

பரிசோதனை முடிவு வந்தபோது மீட்டர்காரருடையது பிரமாதம். போன வருஷத்தைவிடக் குறைவு. காலையில் நடக்கப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, டீயும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். ரிஜெக்ட் அக்காவின் காகிதத்தில் எண்களுக்குப் பக்கத்தில் கறுப்பாக அம்புக்குறிகள் இருந்தன, எல்லாம் மேலே பார்த்தபடி. அம்புக்குறி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மருமகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை..." என்று அவளைப் பார்த்தாள். மகன் நாளைக்கே லீவு போடுகிறேன் என்றான். "வேண்டாம்" என்றாள் அக்கா. மீட்டர்காரர் மட்டும், லேபில் ஏதோ மாற்றிவிட்டார்கள், இரண்டும் இடம் மாறியிருக்கும் என்று சாதித்தார். அப்படி மாறியிருந்தால் மோசமானது தன்னுடையதாகிவிடும் என்று உறைத்ததும் அந்தப் பேச்சை விட்டார்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவைப் பார்க்க இருவரும் போனார்கள். அவர் அறை முதல் மாடியில் இருந்தது. அக்கா பாதிப் படியில் ஒருமுறை நின்றாள். மீட்டர்காரர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டு, "என்ன, வரலையா?" என்று குரல் கொடுத்தார்.

டாக்டரம்மா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சாப்பாடுதானே?"

ரிஜெக்ட் அக்கா புட்டுப் புட்டு வைத்தாள். வெள்ளை யாருக்கு, மஞ்சள் யாருக்கு, தோல் யாருக்கு, ஆடை யாருக்கு என்று ஒன்று விடாமல். பரிசோதனைக்கு முன்னால் போடும் வேஷத்தையும் சொன்னாள். டாக்டரம்மா மீட்டர்காரரை ஒரு பார்வை பார்த்தார். "டெஸ்டுக்காகச் சாப்பாட்ட மாத்தாதீங்க ஐயா. எப்பவும் சாப்பிடுற மாதிரி சாப்பிட்டு, முந்தின ராத்திரி மட்டும் வெறும் வயித்துல இருந்தாப் போதும். இல்லன்னா இந்த நம்பர வெச்சு நான் என்ன பண்றது?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்றேம்மா. மஞ்சள் கருவால மட்டும் இவ்வளவு ஏறாது. வேற காரணம் இருக்கணும்."

"பாத்தியா!" என்று மீட்டர்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். கோர்ட்டில் விடுதலை ஆனவர் முகம் மாதிரி மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல? முட்டையில ஒண்ணும் இல்ல! அநியாயமா என்மேல பழிய போட்ட!"

ரிஜெக்ட் அக்கா அவரையே பார்த்தாள். வேறு என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய எண் என்ன என்றுகூட இன்னும் கேட்கவில்லை.

"கூடப் பொறந்தவங்க யாருக்காவது நெஞ்சு வலி, மாரடைப்பு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"என் தங்கச்சி. கேஸுன்னு சொல்லிப் படுக்க வெச்சாங்க. போயிட்டா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு மூச்சு வாங்குதா? நெஞ்சுல ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் மீட்டர்காரர். "நல்லாத்தான் இருக்கா. வீட்டு வேலை எல்லாம் இவதான் பாக்கிறா."

ரிஜெக்ட் அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வெளிய போய் உக்காருங்க" என்றாள்.

"நான் எதுக்கு..."

"போங்க வெளிய!"

மீட்டர்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கதவைப் பார்த்தார். மீட்டர்காரர் தன் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடியதும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். செருப்பு அலமாரி, முழங்கையால் அழுத்துவதுபோன்ற வலி, அது வரும் நேரம், விடும் நேரம், இடது தோளுக்குப் போவது, கூடவே இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று: தூங்கப் போகும்போது காலையில் எழுந்திருப்போமா என்று தோன்றுவது. கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். ஆனால் எதிரில் இருந்தவர் குறுக்கே பேசாமல் கேட்டதால் கத்துவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களைப் பொருத்தி, ஓடிவந்த காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. நான் போன் பண்ணிச் சொல்றேன். பயப்படாதீங்க, இப்பவாவது வந்தீங்களே, சரி பண்ணிடலாம். ஆனா இத்தனை நாளா இத யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"சொன்னேன் டாக்டர்" என்றாள். "எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

அழுதாள். செத்துப்போவோம் என்ற பயத்தில் கொஞ்சம், ஆத்திரத்தில் மீதி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே மீட்டர்காரர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் காகிதத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, எப்படிக் குறைத்தேன் என்று. கேட்டவர் ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றாள் ரிஜெக்ட் அக்கா. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே போகச் சொல்லிட்டாங்க."

மீட்டர்காரர் தன் காகிதத்தை மார்போடு சேர்த்துக்கொண்டார். முகம் வெளிறிப் போயிற்று.

"யாருக்கு?" என்று கேட்டார்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க ஆரம்பித்தாள்.